டெட்ராய்ட்டைக் கெடுத்தது யார்?

கேள்வி இதுதான். வேலை மாற்றலாகி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து, டெட்ராய்ட்டின் புறநகரான நோவையில் வீடு எடுத்திருக்கிறார் ஒருவர். "டெட்ராய்ட் பக்கம் போகாதே என்கிறார்கள். அருமையாக இருந்த ஊர், கறுப்பின மேயர்கள் கைக்குப் போன பிறகுதான் நாசமாகிவிட்டது என்று ஆபீசில் பேச்சு. நம்மவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நிஜமா, இல்லை இதுவும் நிறவெறிப் பேச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வரியில் சொன்னால், நிஜமில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு எழுந்து போனால் அதுவும் பாதிப் பொய்தான். அந்த நகரத்தை ஆண்டவர்களில் ஒருவர் சிறைக்கே போனார், பிடிபட்டபோது தன் தோல் நிறத்தைத்தான் குடையாக விரித்தார், அந்தக் குடைக்குக் கீழே போய் நிற்க ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அது ஏன் என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினோரு வருடம் அங்கே இருந்தேன். ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் "டெட்ராய்ட்ல இருக்கேன்" என்றுதான் சொல்வேன். இருந்தது என்னவோ நீங்கள் இருக்கிற அதே நோவையில், ஓக்லாந்து கவுண்டியில். நம் ஆட்கள் பெரும்பாலும் நோவை, ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ், கான்டன் என்று சுற்றியுள்ள ஊர்களில்தான் இருப்பார்கள், நகரத்துக்குள் வீடு எடுத்த தமிழரை நான் விரல் விட்டு எண்ணலாம். வருடத்துக்கு ஒரு தடவை கோபோ ஹாலில் ஆட்டோ ஷோ பார்க்கப் போவோம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆற்றங்கரையில் நிறுத்தி எதிரே கனடாவைக் காட்டுவோம், அவ்வளவுதான் எனக்கும் டெட்ராய்ட்டுக்கும் இருந்த உறவு. எட்டு மைல் சாலையைத் தாண்டும்போது கார்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று கை தானாகப் போய்ப் பார்க்கும். யாரும் சொல்லித்தரவில்லை, வந்த முதல் மாதத்திலேயே தொற்றிக்கொண்டது. நகரத்துக்கும் வடக்குப் புறநகர்களுக்கும் எல்லை அந்த எட்டு மைல் சாலை. நாம் அந்தப் பக்கம் போய் இறங்கியவுடனேயே, நமக்கே தெரியாமல், பழைய சண்டை ஒன்றில் ஒரு பக்கத்து ஆளாகிவிடுகிறோம், அந்தப் பக்கத்தின் கதையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம்.

அந்தக் கதையை எண்களை வைத்துப் பார்ப்போம். 1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்து 49 ஆயிரம். அதுதான் உச்சம். 1970இல் 15 லட்சத்து 11 ஆயிரம். அதாவது மூன்று லட்சத்து 38 ஆயிரம் பேர் அதற்குள் குறைந்துவிட்டார்கள். முதல் கறுப்பின மேயர் கோல்மன் யங் பதவியேற்றது 1974 ஜனவரியில். 1947இலிருந்து 1963க்குள் மட்டும் நகரம் இழந்த தொழிற்சாலை வேலைகள் 1,34,000. பேக்கார்டு கார் கம்பெனி கிழக்கு கிராண்ட் புலவார்டிலிருந்த தன் ஆலையை மூடியது 1956இல். போருக்குப் பிறகு கார் கம்பெனிகளுக்கு ஒரே தளத்தில் நீளமாக ஓடும் ஆலைகள் தேவைப்பட்டன, அதற்கு இடம் புறநகரில்தான் கிடைத்தது, வரியும் அங்கே குறைவு, தொழிற்சங்கத்தின் பிடியும் அங்கே தளர்வு. இந்தக் காலம் முழுக்க மேயர் நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். அவர்கள் வெள்ளையர்களாக இருந்ததால்தான் ஆலைகள் போயின என்று ஒருவரும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

கோபோ ஹால் என்றேனே, அந்தப் பெயரைச் சுமந்த மாநாட்டு மண்டபத்துக்குப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். கோபோ யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆல்பர்ட் கோபோ 1950இலிருந்து 1957இல் இறக்கும்வரை மேயர். 1949 தேர்தலில் அவர் ஜெயித்தது வெள்ளையர் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் பலத்தில். உங்கள் தெருப்பக்கம் அரசுக் குடியிருப்பு வராது, அதாவது கறுப்பர்கள் வந்து குடியேற மாட்டார்கள் என்பதுதான் பேச்சின் சாரம். சொன்னதைச் செய்தார். திட்டமிட்டிருந்த பன்னிரண்டு அரசுக் குடியிருப்புகளில் எட்டை ரத்து செய்தார். அதே சமயம் கறுப்பர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பிளாக் பாட்டம் என்ற பகுதி இடிக்கப்பட்டது. பெயருக்கும் தோல் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, பிரெஞ்சு விவசாயிகள் காலத்தில் அங்கே கரிசல் மண் என்பதால் வந்த பெயர் அது. இடித்த நிலம் வருடக்கணக்கில் புதர் மண்டிக் கிடந்தது. அங்கிருந்து வடக்கே போன ஹேஸ்டிங்ஸ் தெரு, கடைகளும் ஜாஸ் கிளப்புகளும் சவரக் கடைகளும் டாக்டர்களும் வக்கீல்களும் நிறைந்த கறுப்பர் வியாபாரத் தெரு, இன்று ஒரு ஃப்ரீவே. மேலே நூறு கிலோமீட்டர் வேகத்தில் நானே போயிருக்கிறேன், நோவையிலிருந்து ஆட்டோ ஷோவுக்கு.

சுவர் ஒன்றும் இருக்கிறது, பார்க்காவிட்டால் நம்ப மாட்டீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த கறுப்பர், ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். எட்டு மைல் சாலைக்குத் தெற்கே பர்வுட் என்ற தெரு. வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி, ஆறடி உயரத்தில், ஒரு அடி கனத்தில், அரை மைல் நீளத்துக்கு கான்கிரீட் சுவர். 1941இல் ஒரு ரியல் எஸ்டேட்காரர் வெள்ளையர்களுக்கு வீட்டுமனை போட நினைத்தார், பக்கத்திலேயே கறுப்பர்கள் குடியிருந்ததால் மத்திய வீட்டுவசதித் துறை கடன் உத்தரவாதம் தர மறுத்தது. நடுவில் சுவர் எழுப்புகிறேன் என்றார், உத்தரவாதம் கிடைத்தது. வங்கிக் கடனுக்காகக் கட்டிய சுவர் அது. 2006இல் ஒரு பகுதியில் படங்கள் வரைந்தார்கள், சோப்புக் குமிழிகள், வீடுகள், பஸ்ஸில் ஏறும் பெண்கள் என்று. மற்ற இடங்களில் வெறும் சாம்பல் நிறச் சுவர், மேலே அணில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கையைத் தூக்கிச் சுவரின் மேல்விளிம்பில் வைத்தார், கை எட்டியது. "ஏறிக் குதிக்க முடியாத உயரமா இது? சின்ன வயசில் இதன்மேல்தான் நடப்போம்" என்றார். ஆளைத் தடுக்க இல்லை, வரைபடத்தில் கோடு போட்டால் போதும் என்று கட்டியது. இப்போது சுவரின் இரண்டு பக்கமும் கறுப்பர்கள்தான் இருக்கிறார்கள்.

1967 ஜூலைக் கலவரத்தைப் பற்றி ஆபீசில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். 43 பேர் செத்தார்கள், அதில் 33 பேர் கறுப்பர்கள், ஏழாயிரத்துக்கு மேல் கைது. வெள்ளையர்கள் வெளியேறுவது அதோடு வேகம் பிடித்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் "அதனால்தான் போனார்கள்" என்பது வேறு, "போய்க்கொண்டிருந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்" என்பது வேறு.

சரி, யங்குக்கு வருவோம். எல்லாப் பழியும் வந்து இறங்குகிற தோள் அதுதான்.

அலபாமாவில் பிறந்து, சின்ன வயதில் பிளாக் பாட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி என்ற கறுப்பர் விமானப்படைப் பிரிவில் அதிகாரி, வெள்ளை அதிகாரிகளின் கிளப்புக்குள் நுழைந்ததற்காகக் கைதானவர்களில் ஒருவர். தொழிற்சங்கக்காரர். 1952இல் கம்யூனிஸ்டுகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு டெட்ராய்ட்டுக்கு வந்து இவரைக் கூப்பிட்டது. குழுவின் வக்கீல், தெற்கத்திக்காரர், 'நீக்ரோ' என்ற சொல்லை 'நிக்ரா' என்று இழுத்தார். யங் விசாரணையை நிறுத்தி, உச்சரிப்பைத் திருத்தினார். அந்த விசாரணைப் பேச்சு ரெகார்டாக வெளிவந்து கறுப்பர் வீடுகளில் ஓடியது. இருபது வருடம் கழித்து அவருக்கு விழுந்த ஓட்டு அன்றைக்கே விழுந்துவிட்டது என்று அந்தப் பெரியவர் சொல்வார்.

1973 தேர்தல் சுத்தமாக நிறத்தின்மேல் பிரிந்த தேர்தல். எதிரே நின்றவர் போலீஸ் கமிஷனராக இருந்த ஜான் நிக்கல்ஸ். போலீஸில் அப்போது ஸ்ட்ரெஸ் என்ற பெயரில் ஒரு மாறுவேடப் படை இருந்தது, வழிப்பறியைத் தடுக்க 1971இல் ஆரம்பித்தது. இரண்டு மூன்று வருடத்தில் இருபது பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது, பெரும்பாலும் கறுப்பர்களை. அதைக் கலைப்பேன் என்று யங் வாக்கு கேட்டார், கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார், கலைத்தார். பதவியேற்பு உரையில் போதை விற்பவர்கள், வழிப்பறிக்காரர்கள் எல்லாரையும் பார்த்து எட்டு மைல் சாலையைப் பிடித்து ஊரைவிட்டுப் போங்கள் என்றார். கறுப்பரா வெள்ளையரா என்று எனக்குக் கவலையில்லை, நீலச் சீருடையும் வெள்ளி பேட்ஜும் போட்டவர்களாக இருந்தாலும் சரி என்றும் சேர்த்துச் சொன்னார். புறநகரில் அது எப்படிக் காதில் விழுந்தது தெரியுமா? "திருடர்களையெல்லாம் நம் பக்கம் அனுப்புகிறான்." நாற்பது வருடம் கழித்து என் நோவை பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொன்னதும் இதே வடிவத்தில்தான். முழு வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை.

யங்மேல் குறை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக போல்டவுன் என்ற பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எடுத்து, நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கிளப்பினார். போலந்து வழிவந்தவர்களும் கறுப்பர்களும் சேர்ந்து வாழ்ந்த ஊர் அது. தான் சிறுவனாக இருந்த பேட்டையை ஒரு மேயர் இடித்ததைப் பார்த்தவர், தான் மேயரானதும் இன்னொரு பேட்டையை இடித்தார். அவருடைய போலீஸ் தலைவர் ரகசிய நிதியிலிருந்து 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிய வழக்கில் 1992இல் தண்டனை பெற்றார். ஆற்றங்கரையில் பெரிய கட்டடங்கள் எழும்பின, உள்ளே தெருக்களில் வீடுகள் எரிந்தன. இருபது வருடம் ஒரே ஆள், ஐந்து தடவை ஜெயித்தவர், சுற்றிலும் ஆமாம் போடுகிற கூட்டம். எந்த ஊரிலும் அது கெடுதல்தான்.

ஆனால் "ஊதாரி" என்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. பணவிஷயத்தில் யங் கையை இறுக்கிப் பிடித்தவர். 1981இல் நகரம் முட்டுச்சந்தில் நின்றபோது, வருமான வரியை ஏற்றுங்கள் என்று மக்களிடமே வாக்கெடுப்புக்குப் போய் ஜெயித்தார், சங்கங்களிடம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார், ஆட்களைக் குறைத்தார். தன் ஓட்டுவங்கியின்மேலேயே வரி போட்ட அரசியல்வாதி அவர்.

அப்புறம் அவர் எதை வைத்து ஆள்வது? அமெரிக்காவில் ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் இருக்கிற வீடு, சம்பளம் இவற்றின்மேல் போடுகிற வரியில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. டெட்ராய்ட்டின் பரப்பு 139 சதுர மைல், 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்கு. 18 லட்சம் பேருக்காகப் போட்ட குழாயும் தெருவிளக்கும் சாக்கடையும், ஆள் பாதியானதும் பாதியாகச் சுருங்கிவிடாது. இருக்கிறவர்கள்தான் முழுவதுக்கும் கட்ட வேண்டும், வரி ஏறும், முடிந்தவர்கள் வெளியேறுவார்கள், மிச்சமிருப்பவர்களுக்கு இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, சுற்றியுள்ள ஊர்களும் நகரமும் ஏதாவது ஒரு வகையில் ஒரே பானையில் சமைப்பது. பள்ளிக்கூட விஷயத்தில் அந்த வாய்ப்பு ஒரு தடவை வந்தது. 1972இல் ஸ்டீபன் ராத் என்ற மத்திய நீதிபதி, டெட்ராய்ட் பள்ளிகளோடு 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து, கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து அனுப்ப உத்தரவிட்டார். 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அதை ரத்து செய்தது. யங் பதவிக்கு வந்து ஏழாவது மாதம். அதன் பிறகு, பிள்ளையை வெள்ளைப் பள்ளியில் சேர்க்க யாரோடும் சண்டை போடத் தேவையில்லை, எட்டு மைல் தாண்டி ஒரு வீடு வாங்கினால் போதும். இந்த ஐந்து நீதிபதிகளின் பெயர் உங்கள் ஆபீசில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். யங் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

சாலையின் மறுபக்கத்திலும் ஒரு யங் இருந்தார். ப்ரூக்ஸ் பேட்டர்சன், 1993இலிருந்து 2019இல் இறக்கும்வரை ஓக்லாந்து கவுண்டியின் தலைவர். நிர்வாகத்தில் கெட்டிக்காரர், நம் ஐடி, ஆட்டோ கம்பெனி வேலைகள் பல அவர் காலத்தில் அங்கே வந்தவை, அவர் போட்ட சாலையில்தான் நானும் ஓடினேன். ஆனால் அரசியலுக்கு வந்ததே பள்ளிகளில் பிள்ளைகளைக் கலப்பதை எதிர்த்த வழக்குகளில் வாதாடித்தான். 2014 தொடக்கத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், டெட்ராய்ட்டைச் சுற்றி வேலி போட்டு செவ்விந்தியர் ஒதுக்கிடம் போல ஆக்கி, உள்ளே கம்பளியும் சோளமும் எறிய வேண்டும் என்று தான் எப்போதோ சொன்னதை மறுபடி பெருமையாகவே சொன்னார். இரண்டு பக்கமும் எதிரியைத் திட்டியே ஓட்டு வாங்க முடிந்தது. யங்குக்கு புறநகர் தேவைப்பட்டது, பேட்டர்சனுக்கு டெட்ராய்ட் தேவைப்பட்டது.

யங்குக்கு அடுத்து வந்த டென்னிஸ் ஆர்ச்சர், மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், தன்மையானவர், புறநகரோடு கை குலுக்கினார். அதற்காகவே சொந்த ஊரில் "இவர் நம்ம ஆள்தானா" என்ற பேச்சு எழுந்தது, பதவி நீக்கக் கையெழுத்து வேட்டைவரை போனது. ஆனால் அவர் காலத்தில் நடந்த ஒன்றை யாரும் பேசுவதில்லை. 1998இல் மாநில ஆளுநரோடு ஒரு ஒப்பந்தம்: டெட்ராய்ட் தன் வருமான வரியைப் படிப்படியாகக் குறைக்கும், பதிலுக்கு மாநிலம் 2007வரை வருடம் 33 கோடி டாலருக்கு மேல் வருவாய்ப் பங்கு தரும். நகரம் வரியைக் குறைக்க ஆரம்பித்தது. மாநிலம் சில வருடத்திலேயே பங்கை வெட்ட ஆரம்பித்தது. அடுத்து 1999இல் மாநிலச் சட்டம் ஒன்று, நகராட்சி ஊழியர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று நகரங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்றது. போலீஸ்காரர்கள், தீயணைப்புக்காரர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் புறநகருக்குக் கிளம்பினார்கள். இதெல்லாம் சட்டமன்றத்தில் குளிர்சாதன அறையில் நடந்தது, கல்லெறியும் இல்லை, தீயும் இல்லை, டிவியில் காட்ட ஒன்றுமில்லை.

டிவியில் காட்ட வந்தவர் க்வாமி கில்பாட்ரிக். 2001இல் ஜெயித்தபோது வயது 31. ஆறடிக்கு மேல் உயரம், காதில் கடுக்கன், பேசினால் சபை எழுந்து நிற்கும். தன் அலுவலகத் தலைமைப் பெண் அதிகாரியோடு உறவு, அதை மறைக்க நீதிமன்றத்தில் பொய் சாட்சி, வழக்குப் போட்ட போலீஸ்காரர்களுக்கு நகராட்சிப் பணத்தில் 84 லட்சம் டாலர் சமரசத் தொகை. 2008 ஜனவரியில் உள்ளூர்ப் பத்திரிகை அந்தக் குறுஞ்செய்திகளை வெளியிட்டது. மார்ச் மாதம் நகர நிலவர உரையின் கடைசியில், எழுதி வைத்த பேச்சை முடித்துவிட்டு, தனக்கும் தன் குடும்பத்துக்கும் வருகிற இனவெறி வசைகளைச் சொல்லி, கறுப்பர்களை வசைபாடும் அந்தச் சொல்லையே வாயால் உச்சரித்து, இது மரத்தில் கட்டித் தொங்கவிடத் துடிக்கும் கும்பலின் மனநிலை என்றார். அரங்கத்தில் கைதட்டல். நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன், அருவருப்பாக இருந்தது.

மறுநாள் பெரியவரிடம் "எப்படிக் கைதட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் கில்பாட்ரிக்குக்கு இரண்டு தடவை ஓட்டுப் போட்டவர், அன்றைக்கு அவர்மேல் கொலைவெறியில் இருந்தவரும்கூட. "அவன் திருடன்தான். ஆனா அவன் சொல்ற கும்பல் இருக்கா இல்லையா? இருக்கு. பொய்க் கேஸுக்கு நிஜ சாட்சியைக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்றார். அந்தத் தந்திரம் ஏன் பலித்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சுவரும் ஸ்ட்ரெஸ் படையும் பேட்டர்சனும் நிஜம் என்பதால்தான் கில்பாட்ரிக்கின் குடை கொஞ்ச நாள் தாங்கியது. அந்தக் கும்பல் கற்பனை என்றால் கைதட்ட ஆள் இருந்திருக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவரைக் கீழே இறக்கியது புறநகர் இல்லை. வழக்குப் போட்ட அரசு வக்கீல் கிம் வர்த்தி ஒரு கறுப்பினப் பெண். ராஜினாமா செய் என்று ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் போட்ட கவுன்சிலும் பெரும்பாலும் கறுப்பர்கள்தான். "அவர்கள் ஆளை அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்" என்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள் தெரியவில்லை. செப்டம்பரில் ராஜினாமா, பிறகு மத்திய ஊழல் வழக்கில் 2013இல் 28 வருடச் சிறை, 2021 ஜனவரியில் டிரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார்.

ஆனால் நகரத்தை நிஜமாகவே கவிழ்த்தது கில்பாட்ரிக் அடித்த கமிஷனைவிட, அவர் போட்ட கையெழுத்து. 2005இல் பென்ஷன் நிதியின் பள்ளத்தை நிரப்ப 144 கோடி டாலர் கடன் வாங்கினார்கள், வட்டி ஏறும் என்று கணக்குப் போட்டு அதன்மேல் வங்கிகளோடு ஸ்வாப் ஒப்பந்தம் செய்தார்கள், அதாவது ஏறி இறங்கும் வட்டிக்குப் பதில் வங்கிகளுக்கு ஒரே நிலையான வட்டி கட்டுவதாக. நிதிப் பத்திரிகை ஒன்று அதற்கு வருடத்தின் சிறந்த ஒப்பந்தம் என்ற வகையில் விருதுகூடக் கொடுத்தது. 2008இல் வட்டி தரைமட்டத்துக்கு விழுந்தது, நகரம் மாட்டிக்கொண்டது, 2009இல் சூதாட்ட விடுதிகளின் வரி வருமானத்தையே வங்கிகளுக்கு ஈடாக வைக்க வேண்டியதாயிற்று. மேயர் கறுப்பர், விற்ற வங்கிகளோ வால் ஸ்ட்ரீட். குறுஞ்செய்திகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் ஸ்வாப் பற்றி ஒரு வரி பேசி நான் கேட்டதில்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 2012 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள், நகரங்களுக்கு மேல் எமர்ஜென்சி மேனேஜரை, அதாவது மேயர், கவுன்சில் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் மாநில அதிகாரியை, உட்காரவைக்கும் சட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றியது, இந்தத் தடவை ஒரு நிதி ஒதுக்கீட்டையும் உள்ளே செருகியது, ஏனென்றால் பண ஒதுக்கீடு உள்ள சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பால் தொட முடியாது. 2013 மார்ச்சில் கெவின் ஓர் என்ற கறுப்பின வக்கீலை அந்தப் பதவியில் ஆளுநர் நியமித்தார். ஜூலை 18இல் நகரம் திவால், சுமார் 1,800 கோடி டாலர் கடன். போலீஸ், தீயணைப்பு தவிர்த்த மற்ற ஓய்வூதியக்காரர்களுக்கு நாலரை சதவீதம் வெட்டு, பஞ்சப்படி ரத்து. ஓவிய அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்காமல் காப்பாற்ற அறக்கட்டளைகளும் மாநிலமும் பணம் போட்டதால் அந்த அளவோடு நின்றது.

அந்த நேரத்தில்தான் மைக் டகன் வந்தார். புறநகரான லிவோனியாவிலிருந்து குடிமாறி வந்த வெள்ளையர், குடியிருப்புக் காலம் போதவில்லை என்று வாக்குச்சீட்டிலிருந்து பெயரே நீக்கப்பட்டவர். எண்பது சதவீதத்துக்கு மேல் கறுப்பர்கள் உள்ள ஊர், முதல் சுற்றில் அவர் பெயரைக் கையால் எழுதி ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்தது. கிட்டத்தட்ட அவர் பெயரே உள்ள ஒரு சவரத் தொழிலாளியும் குழப்புவதற்கென்று களத்தில் இறங்கினார், அப்படியும் ஜெயித்தார். நிறம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்பதற்கு இதைவிடப் பதில் வேண்டாம். தெருவிளக்கு எரிந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, நல்ல நிர்வாகி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் புகழும் பழியைப் போலவே நிறம் பார்த்துத்தான் நடந்தது. அவர் முழு அதிகாரத்தோடு உட்காரும்போது 700 கோடி டாலர் கடன் நீதிமன்றத்தில் துடைக்கப்பட்டிருந்தது, பத்து வருடத்துக்குப் பென்ஷன் கட்டணச் சுமையும் பெரும்பாலும் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. தெருவிளக்கு வாரியத்துக்கான சட்டம் அவருக்கு முந்தைய மேயர் டேவ் பிங் காலத்திலேயே வந்தது, அதை நோவையில் யாரும் சொல்வதில்லை. திவாலுக்குள் நின்று அடி வாங்கியவர் பிங், வெளியே வந்த பிறகு சாவி வாங்கியவர் டகன். இதையும் சொல்ல வேண்டும்: 2010இலிருந்து 2016வரை நகராட்சி வீடுகளின் மதிப்பைச் சரியாகக் குறைக்காமல், குடியிருப்பவர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதல் சொத்து வரி போட்டதாக உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. பிங், கெவின் ஓர், டகன் மூவர் காலமும் அதில் அடக்கம். வரி கட்ட முடியாமல் வீட்டை ஏலத்தில் விட்டவர்களுக்கு மேயர் எந்த நிறம் என்பதால் ஒன்றும் மாறவில்லை.

நீங்கள் கேட்ட இன்னொன்று, போகலாமா என்பது. தாராளமாகப் போங்கள். ஈஸ்டர்ன் மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமை காலையில் போனால் வெண்டைக்காயும் கீரையும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அருங்காட்சியகத்தில் டியேகோ ரிவேரா வரைந்த ஆலைச் சுவரோவியம் முன்னால் அரை மணி உட்காருங்கள். பர்வுட் தெருவுக்கும் போங்கள், குடியிருப்புப் பகுதி என்பதால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறங்களில் நுழையாதீர்கள். பிறகு வீட்டுக்கு வந்து தண்ணீர் பில்லைப் பாருங்கள். நோவைக்கு வருகிற தண்ணீர், டெட்ராய்ட் கட்டிய நீரமைப்பிலிருந்து வருவதுதான்.

கடைசியாக ஒரு நடப்புச் செய்தி. 2025 நவம்பரில் மேரி ஷெஃபீல்ட் ஜெயித்தார், கவுன்சில் தலைவராக இருந்தவர், கறுப்பினப் பெண், டெட்ராய்ட்டின் முதல் பெண் மேயர். தள்ளிவைத்த பென்ஷன் தவணைகள் மறுபடி கட்ட ஆரம்பித்தாகிவிட்டது. கோவிட் காலத்தில் மத்திய அரசு கொடுத்த 82 கோடி டாலருக்கு மேற்பட்ட பணம் 2026 முடிவுக்குள் செலவாகித் தீர வேண்டும். தேர்தல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, நோவையிலிருந்து என் பழைய சகா ஒருவர் வாட்ஸாப்பில் அனுப்பினார்: "மறுபடியும் பழைய கதைதான்." ஷெஃபீல்ட் பதவியேற்கவே இன்னும் ஏழு வாரம் இருந்தது.